பத்தாயிரம் ரூபாய் புடவையும் அம்மாவின் கிளியும்

2021 ஆகஸ்ட் 12. ஆடி இன்னும் முடியவில்லை. விருத்தாசலம் கடைவீதியில் திரும்பிய பக்கமெல்லாம் தள்ளுபடி பேனர்கள். பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பக்கத்திலிருந்த அந்த ஓட்டு வீட்டில் மட்டும், ஒரு பைசாகூடத் தள்ளுபடி இல்லாத ஒரு புடவைக்காக மகள் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். விலை 9,999 ரூபாய்.

"பத்தாயிரம்னு சொல்லிட்டுப் போயேன். அந்த ஒரு ரூபாயைக் கொறைச்சு யாரை ஏமாத்துறான்?" என்றார் அப்பா.

மகளுக்குத் திருப்பூரில் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலை. கொரோனா இரண்டாவது அலையில் ஊருக்கு வந்தவள், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். ஆவணியில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டில் பட்டு எடுத்துத் தருகிறார்கள். ஆனாலும் தன் சம்பளத்தில், தானே தேர்ந்தெடுத்த ஒரு புடவை வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதுவும் சப்யசாச்சி புடவை.

சப்யசாச்சி முகர்ஜி கொல்கத்தாக்காரர். அனுஷ்கா சர்மா, தீபிகா படுகோன், பிரியங்கா சோப்ரா ஆகியோரின் கல்யாண உடைகளை வடிவமைத்தவர். அவர் கடையில் ஒரு லெஹங்காவின் விலைக்கு விருத்தாசலத்தில் ஒரு கல்யாணத்தையே நடத்திவிடலாம். அப்படிப்பட்டவர், சுவீடனின் எச் அண்ட் எம் துணிக்கடையோடு சேர்ந்து 'வாண்டர்லஸ்ட்' என்ற பெயரில் ஒரு வரிசை உடைகளைக் கொண்டுவருகிறார் என்றதும் நாடு முழுக்கப் பேச்சு. 2020 ஏப்ரலிலேயே வந்திருக்க வேண்டியது, கொரோனாவால் தள்ளிப்போனது. பூப்போட்ட தளர்வான அங்கிகள், கொஞ்சம் விளையாட்டு உடையின் சாயல், கூடவே ஒரு புடவை. லட்சத்தில் விற்பவர் ஆயிரத்தில் விற்கிறார் என்றால் சும்மா இருப்பார்களா?

விற்பனை திறந்தது. மகள் புடவையைக் கூடையில் போட்டாள். பெயர், தெரு, ஊர் எல்லாம் அடித்தாள். 606001 என்று பின்கோடு போட்டு நிமிர்வதற்குள் புடவை தீர்ந்துவிட்டது. அவளுக்கு மட்டுமில்லை, நாடு முழுக்க அன்றைக்கு அதே கதைதான். சில நிமிடங்களில் கிட்டத்தட்ட எல்லாமே காலி. நகரத்துக் கடைகளின் வாசலில் வரிசை நின்றது. வாங்கியவர்களில் சிலர் அன்றைக்கே அதைக் கூடுதல் விலைக்கு மறுவிற்பனை செய்ய ஆரம்பித்தார்கள்.

"வுடு பாப்பா, பணம் மிச்சம்" என்று அம்மா சமையலறையிலிருந்து சொன்னார். மகள் பதில் சொல்லவில்லை.

இந்த மாதிரிக் கூட்டு அவளுக்குப் புதிது இல்லை. 2014 நவம்பரில் திருப்பூரில் படித்துக்கொண்டிருந்தபோது, வகுப்பு முழுக்க ஒரே ஒரு போனைச் சுற்றி நின்று பார்த்தது அலெக்சாண்டர் வாங் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் இதே எச் அண்ட் எம்முக்காகச் செய்த உடைகளை. அது முழுக்க முழுக்க விளையாட்டு உடை பாணி. பெரும்பாலும் கறுப்பும் சாம்பலும். உடம்போடு ஒட்டும் ஓட்டக்காரர் பேன்ட், கடலில் மூழ்குகிறவர்கள் போடுவதுபோல் கனத்த துணியில் மேலாடை, குத்துச்சண்டைக் கையுறை, யோகா பாய். சிலவற்றில் அவர் பெயரே பெரிய எழுத்தில். வெளிநாடுகளில் ராத்திரியே கடை வாசலில் இடம்பிடித்துக் காத்திருந்தார்கள். எச் அண்ட் எம்முக்கு அப்போது இந்தியாவில் ஒரு கடைகூடக் கிடையாது. முதல் கடை அடுத்த வருஷம் அக்டோபரில்தான் டெல்லியில் வந்தது. அதனால் திருப்பூர் மாணவிகளுக்கு அது வெறும் படம்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "ஜிம்முக்குப் போடுறதைக் கல்யாணத்துக்கும் போடலாம் போல, சூப்பர்" என்றது ஒரு கட்சி. "நம்ம பனியன் கம்பெனில தினமும் தைக்கிறதுதானே, பேரைப் போட்டா வெலை ஏறிடுமா?" என்றது இன்னொன்று. ஆசிரியை கடைசியாக ஒன்று சொன்னார்: "போட்டோல தையல் தெரியாதும்மா. கையில வாங்கி, உள்பக்கம் திருப்பிப் பார்த்துட்டு அப்புறம் பேசுங்க."

விடுமுறைக்கு வந்தபோது அந்தப் படங்களை வீட்டில் காட்டினாள். தம்பி அப்போது பள்ளிக் கபடி அணியில் இருந்தான். "பேரே வாங்குதான். அதான்க்கா எல்லாரும் வாங்குறான்" என்றான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இது நம்ம ஊர் கபடி டீம் ட்ரவுசர் மாதிரியில்ல இருக்கு? அவனுவளாவது கலர் கலரா போடுவானுவ" என்றார். கடலூர் மாவட்டத்துக் கபடி மைதானத்தைப் பார்த்தவர்கள் அப்பாவை மறுக்க மாட்டார்கள்.

இந்தக் கூட்டு வியாபாரத்தை எச் அண்ட் எம் ஆரம்பித்தது 2004-ல், கார்ல் லாகர்ஃபெல்டோடு. அதுவும் உடனே விற்றுத் தீர்ந்தது. இவ்வளவு குறைவாகத் தயாரித்தது சரியில்லை என்று லாகர்ஃபெல்டே பிறகு குறைப்பட்டுக்கொண்டார். எல்லோருக்கும் என்று சொல்லி அழைப்பது, பிறகு கொஞ்சமே செய்வது. பந்தி போட்டுவிட்டு இலையைக் குறைத்த கதை. கிடைக்காதவர்களின் ஏக்கமே அடுத்த வருஷ விளம்பரம்.

விற்பனை முடிந்த சில நாட்களில் வேறு சத்தம் கேட்டது. கைவினைக் கலைஞர்களுக்காக வேலை செய்யும் பல அமைப்புகள் சேர்ந்து சப்யசாச்சிக்கு ஒரு திறந்த கடிதம் எழுதின. ஜெய்ப்பூருக்குப் பக்கத்திலிருக்கும் சங்கானேரில் மரக்கட்டையில் பூ செதுக்கி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை என்று கையால் அச்சடிப்பார்கள். புவிசார் குறியீடு பெற்ற வேலை. 'வாண்டர்லஸ்ட்' துணிகளில் அந்தச் சாயல் இருக்கிறது, விளம்பரத்தில் இந்தியக் கைவினையின் பெருமை இருக்கிறது, ஆனால் எந்தக் கைவினைஞரும் அதைச் செய்யவில்லை, எல்லாம் டிஜிட்டல் அச்சு. எத்தனையோ பேருக்கு வேலை கொடுத்திருக்கலாம், நல்ல வாய்ப்பு வீணாகிவிட்டது. இதுதான் கடிதத்தின் சாரம். சப்யசாச்சியும் பதில் எழுதினார். இந்திய வடிவமைப்பை உலகத்துக்குக் கொண்டுபோவதே இந்தக் கூட்டின் நோக்கம், கைவினைக்குத் தன் சொந்தத் தொழிலில் இடம் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறேன் என்கிற வகையில்.

மகளுக்கு அந்தக் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. புடவை கிடைக்காத கோபமும் அதில் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

"கையால அச்சடிச்சா இந்த வெலைக்கு வருமாம்மா? நான் இந்த வேலையிலதான இருக்கேன். ஒரு டி-ஷர்ட்ல ஒரு சென்ட் கொறைக்கச் சொல்லி மூணு நாளு மெயில் போடுவான் பையர். லட்சக்கணக்குல விக்கிறவரு நம்ம மாதிரி ஆளுங்களுக்கும் ஒண்ணு குடுக்குறாருன்னா, அதுலயும் குத்தமா? நாமல்லாம் காலம்பூரா போட்டோ பார்த்துக்கிட்டே இருக்கணுமா?"

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. திறந்த கடிதத்தில் கையெழுத்திட்டவர்களில் எத்தனை பேர் 9,999 ரூபாய்க்காக எட்டு மாதம் சேர்த்திருப்பார்கள்?

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினார். படத்தை விரலால் பெரிதாக்கி, ஒரு பூவைப் பார்த்தார். நகர்த்தி அடுத்த பூவைப் பார்த்தார். அப்புறம் இன்னொன்று.

"எல்லாப் பூவும் ஒண்ணாருக்கு" என்றார்.

"அதான் டிஜிட்டல்."

"ஸ்டிக்கர்னு சொல்லு."

அம்மா இதைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவர் தொழிற்பேட்டையில் ஒரு யூனிட்டில் 22 வருஷமாகப் பீங்கானுக்கு வண்ணம் தீட்டுகிறவர். விருத்தாசலத்தில் பீங்கான் வேலை தெரியாத தெரு குறைவு. நெய்வேலிச் சுரங்கத்துப் பக்கத்திலிருந்து களிமண் வரும். அரைத்து, கரைத்து, தோசை மாவை விடக் கொஞ்சம் நீர்த்த கூழாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மோல்டுக்குள் ஊற்றுவார்கள். மோல்டு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, ஓரத்தில் கூழ் தோல்போல் பிடிக்கும். நடுவில் மிஞ்சியதைத் திரும்பக் கொட்டிவிட்டால் உள்ளே கூடான பிள்ளையார். காய்ந்ததும் ஓரம் சீவி, சூளையில் ஒரு தடவை சுட்டு, கிளேஸில் முக்கி, மறுபடி சுட வேண்டும். அதன்பிறகுதான் அம்மாவின் மேசைக்கு வரும். பிள்ளையாருக்குக் கண், கார்த்திகை அகலுக்கு ஓரப் பூ, கொலுச் செட்டியாருக்கு மீசை எல்லாம் அம்மாவின் பிரஷ்ஷில்தான். ஒரு மோல்டிலிருந்து எத்தனை பிள்ளையார் பிறந்தாலும், முதல் பிள்ளையாரைக் கையால் பிடித்தவர் யார் என்று எதிலும் எழுதியிருக்காது. அந்த ஊரில் அதை யாரும் குறையாக நினைத்ததும் இல்லை.

அப்பாவும் பீங்கான்தான். பியூஸ் கேரியர் யூனிட்டில் இருந்தார். வீடுகளில் பியூஸ் கட்டைக்குப் பதில் ட்ரிப்பர் சுவிட்ச் வந்ததும் ஆர்டர் தேய்ந்து, யூனிட் பூட்டிக்கொண்டது. இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அந்தக் கதை வேறு.

ஸ்டிக்கர் என்று அம்மா சொன்னது டெக்கால் பேப்பரை. படம் ஏற்கெனவே அச்சான தாள். தண்ணீரில் ஊறவைத்தால் படம் மட்டும் வழுக்கிக்கொண்டு வரும். அதைக் கப்பின் மேல் ஒட்டி, ரப்பர் துண்டால் நீவி, காற்றும் தண்ணீரும் வெளியேறியதும் சூளையில் வைத்தால் கிளேஸோடு ஒட்டிவிடும். அழியாது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும்.

"தம்பியோட கபடி ஜெர்சியும் இதேதாம்மா" என்றாள் மகள். "பேப்பர்ல அடிச்சு, சூடு வச்சு, துணியில ஏத்துறது."

"அப்ப பீங்கானுக்கும் பனியனுக்கும் ஒரே வித்தைதான்னு சொல்லு." அம்மா சிரித்தார். பிறகு கேட்டார்: "முதல்ல அந்தப் பூவை வரைஞ்சது யாரு?"

"அவங்க ஆர்ட் ஃபவுண்டேஷன்னு ஒண்ணு வச்சிருக்காங்க. அங்க ஓவியருங்க வரையறாங்க."

"அவங்களுக்குச் சம்பளம் உண்டுல்ல?"

"பின்ன?"

அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு காபி கப்பை எடுத்துவந்து மகள் முன்னால் வைத்தார். வெள்ளைக் கப். அதில் ஒரு பச்சைக் கிளி.

அந்தக் கிளி அம்மாவுடையது. மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே அம்மா போடுகிற கிளி. எண்ணி ஏழே இழுப்பில் முடிந்துவிடும். நோட்டு அட்டையில், கோலத்தில், மகளின் மஞ்சள் நீராட்டுத் தட்டில் எல்லாம் அது உட்கார்ந்திருக்கிறது.

"இதுக்கென்னம்மா?"

"வாலைப் பாரு."

வாலில் மூன்று இறகு. நடு இறகு பாதியில் நின்றிருந்தது, நுனி இரண்டாகப் பிளந்து.

"இது நான் போட்டதில்ல. நான் போட்டது ஒண்ணே ஒண்ணு, மாதிரிக்கு. அன்னிக்கு பிரஷ்ஷு மயிரு பிரிஞ்சு போச்சு, வாலு பொளந்துக்கிச்சு. முதலாளி அதை போட்டோ புடிச்சு எங்கயோ அனுப்பி பேப்பரா அடிச்சுக்கிட்டு வந்துட்டாரு. இப்ப எல்லாக் கப்புலயும் பொளந்த வாலுதான்."

மகள் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையால் தீட்டினால் கப்புக்கு நாலு ரூபாய் கூலி. ஸ்டிக்கர் ஒட்டினால் ஒண்ணேகால் ரூபாய். ஒட்டுவது வேகம்தான், ஆனால் நாள் முழுக்கத் தண்ணீரில் கை. வண்ண மேசையில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். பேப்பர் வந்தபின் மூன்று பேர். அம்மா இதை வீட்டில் சொல்லவே இல்லை.

முதலாளி கெட்டவர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். கொரோனாவில் சூளை அணைந்து கிடந்தபோது வீட்டுக்கு வீடு அரிசி கொடுத்தவர். கேஸ் விலை, சீனப் பொம்மை, வராத பாக்கி என்று அவருக்கும் ஆயிரம். முதல் பேப்பர் வந்த அன்றைக்கு, "அக்கா, இது ஒங்க கிளி!" என்று வாயெல்லாம் பல்லாகக் காட்டி, அரைக் கிலோ அல்வா வாங்கிக் கொடுத்தாராம். அந்த அல்வாவைத் தின்றது மகளுக்கும் ஞாபகம் இருந்தது. எதற்கென்று அப்போது கேட்கவில்லை.

"நீ ஏம்மா ஒண்ணும் கேக்கல?"

"என்னன்னு கேக்குறது? கிளி என்ன நான் பெத்ததா? கிளி எங்கயும்தான் இருக்கு."

இரண்டு நாள் கழித்து, சங்கானேர் கடிதத்தை மகள் மறுபடி ஒருதடவை படித்தாள். அவள் கருத்து தலைகீழாக மாறிவிட்டது என்று சொன்னால் அது சினிமாவாகிவிடும். அந்தப் புடவை இப்போது கிடைத்தாலும் வாங்கியிருப்பாள். ஆனால் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தன் அலுவலக மெயில் பழக்கத்தில் எண் போட்டு, முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினாள். கிளி படம் அம்மா வரைந்தது. ஆயிரம் கப்புக்கு இவ்வளவு என்று ஒரு தொகை தர வேண்டும். இனிமேல் புதுப் படம் எடுத்தால் முன்கூட்டியே பேச வேண்டும். நாலாவதாக எழுதியதை அடித்துவிட்டாள். அது கொஞ்சம் கோபமாக இருந்தது.

அம்மா அந்தக் கடிதத்தை நாலாக மடித்து, சோற்றுப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு போனார். சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. மறுநாளும் போனது, திரும்பியது. ஒரு வாரத்தில் அதன் மேல் புளிக்குழம்புக் கறை ஏறிவிட்டது. மகள் கேட்கவில்லை. நிச்சயதார்த்தம் வந்து, மாப்பிள்ளை வீட்டுப் பட்டில் நல்லபடியாக முடிந்தது. அந்த வாரமே திருப்பூர் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அவள் சேலம் பஸ் ஏறினாள்.

நடுவில் ஒரு வேடிக்கை. அக்கம்பக்கத்துப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் அதே பூ, அதே நிறத்தில் ஒரு புடவை 750 ரூபாய்க்கு வந்தது. சூரத் சரக்கு என்றார்கள். அப்பா யாரையும் கேட்காமல் ஒன்று வாங்கித் திருப்பூருக்குக் கொரியர் செய்துவிட்டார், "உன் பத்தாயிரம் ரூபாய் புடவை" என்று எழுதி. மகள் அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். பின்னால் அச்சு இறங்கவே இல்லை, வெளுப்பாக இருந்தது. இருந்தாலும் இரண்டு தடவை ஆபீஸுக்குக் கட்டிக்கொண்டு போனாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு பெண் மட்டும் எவ்வளவுக்குக் கிடைத்தது என்று ரகசியமாக வந்து கேட்டாள்.

ஐப்பசியில் அம்மா போன் செய்தார். கார்த்திகை அகலுக்கு ஆர்டர் குவிந்து, சூளை ராத்திரியும் எரிந்துகொண்டிருந்த நேரம்.

"குடுத்துட்டேன்" என்றார்.

"எதை?"

"கடுதாசியைத்தான். குழம்பு வாசனை அடிக்குதேன்னாரு. படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், பொண்ணு நல்லா இங்கிலீஷ் மெயில் மாதிரி எழுதியிருக்குன்னாரு."

"பணம்?"

"ஆயிரத்துக்கு எரநூறு தரேன்னாரு. நான் வேற கேட்டேன்."

அம்மா கேட்டது, வேலையை விட்டு நிறுத்திய இரண்டு பெண்களைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது. வண்ண மேசையைக் கலைக்கக் கூடாது, வாரத்தில் இரண்டு நாளாவது கையால் தீட்டுகிற வேலை வேண்டும். இருநூறையும் வேண்டாம் என்று சொல்லவில்லையாம். முதலாளி ஒருத்தியை மட்டும் எடுத்துக்கொண்டார். அவள் கார்த்திகை வரைக்கும்தான், அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறார். பாண்டிச்சேரியில் ஒரு கடைக்காரர், கையால் தீட்டிய கப்பாக இருந்தால் கூடுதல் விலை தருகிறேன் என்று கேட்டிருந்ததும் நல்ல நேரத்தில் உதவியது.

"அப்ப உன் கிளி திரும்ப வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. வாலு நேராவே போடுறேன். ஆனா அந்தப் பாண்டிச்சேரிக்காரரு பொளந்த வாலுதான் வேணுங்குறாரு. அதான் ஒரிஜினலாம்."

மகள் போனைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை, அவருக்கு இன்னொரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது.

"ஒவ்வொரு கப்பு அடியிலயும் 'கையால் தீட்டியது'ன்னு ஒரு சின்ன ஸ்டிக்கர் வேணுமாம். அதையும் நாங்கதான் ஒட்டணும். அதுக்குத் தனிக்கூலி உண்டான்னு இன்னிக்குக் காலையில நானே கேட்டுட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னு போயிருக்காரு."